புதிய கார், பழைய கார்: விலை எப்படித் தீர்மானமாகிறது, ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இந்தியச் சந்தையை, அதிலும் தமிழ்நாட்டில் கார் வாங்குவோரையும் விற்போரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஜி.எஸ்.டி. விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 மாற்றத்துக்குப் பிந்தையவை. பழைய விகிதங்கள் வரும் இடங்களில் அது தனியாகச் சொல்லப்படுகிறது.

எக்ஸ் ஷோரூம் விலைக்கும் ஆன் ரோடு விலைக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்?

தயாரிப்புச் செலவு, நிறுவனத்தின் லாபம், டீலரின் பங்கு, ஜி.எஸ்.டி. ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் எக்ஸ் ஷோரூம் விலை. அதன்மேல் மாநில அரசின் ஆயுள்வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டேக் ஆகியவை சேரும்போது ஆன் ரோடு விலை வருகிறது. இவற்றில் பெரியது ஆயுள்வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரி உயர்த்தப்பட்டது. அதன்படி 5 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 12 சதவீதமும், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதமும், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் செலுத்த வேண்டும். முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என்று இரண்டே படிகள் இருந்தன.

இந்தப் படிக்கட்டைக் கவனிக்காமல் வேரியன்ட் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். வரிக்கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் விலை 9,99,000 ரூபாய் என்றால் 13 சதவீதத்தில் 1,29,870 ரூபாய் கட்ட வேண்டும். அதே விலை 10,10,000 ஆனால் 18 சதவீதத்தில் 1,81,800 ரூபாய் ஆகிறது. காரின் விலை 11,000 கூடியதற்கு வரி ஏறத்தாழ 52,000 கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டும் வாகனங்களுக்கு டீலர் ஒரு சதவீத டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) வேறு வசூலிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அது இழப்பு அல்ல. ஆனால் வாங்கும் அன்று கையிலிருந்து போகும் பணம் அது.

காப்பீட்டுத் தொகை பெரிதாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஒரு புதிய மாடலுக்கு விலை வைக்கும்போது நிறுவனம் எதைக் கணக்கில் கொள்கிறது?

செலவைக் கூட்டி, லாபத்தைச் சேர்த்து, விலையை அறிவிக்கிறார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். போட்டியாளரின் கார் என்ன விலையில் விற்கிறது, அந்த வகைக் காருக்கு வாங்குவோர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்குமாறு காரை வடிவமைக்கிறார்கள். இதன் உச்சம் டாடா நானோ. ஒரு லட்சம் ரூபாய் என்ற எண் முதலில் வந்தது, கார் பிறகு வந்தது. 2009 மார்ச்சில் அறிமுகமானபோது வரிகளுக்கு முந்தைய அடிப்படை விலையில் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். ஆனால் மலிவு என்ற அடையாளமே வாங்குவோரை விலக்கியது. குறைந்த விலை எல்லா நேரமும் விற்பனையைக் கூட்டாது என்பதை இந்தியக் கார்த் தொழில் அந்தக் காரில்தான் கண்டது.

வரிவிதியும் காரின் உருவத்தைச் செதுக்குகிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் சிறிய கார் என்ற சலுகை கிடைக்கும். 2012இல் மாருதி டிசையரின் வால்பகுதி வெட்டப்பட்டதுபோல் குறுகி, நீளம் 3,995 மி.மீ. ஆனது இதனால்தான். பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ என்று இன்று தெருவெங்கும் தெரியும் சிறிய எஸ்.யூ.வி.க்களின் நீளமும் 4 மீட்டரை ஒட்டியே நிற்பது தற்செயல் அல்ல.

அறிமுக விலை என்பது இன்னொரு உத்தி. 2021 அக்டோபர் 7 அன்று மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 முன்பதிவு தொடங்கியபோது முதல் 25,000 பேருக்கு மட்டும் என்று வைத்த விலை 57 நிமிடங்களில் தீர்ந்தது. அடுத்த தொகுதிக்கு விலை உயர்ந்தது. விளம்பரத்தில் மனத்தில் பதிந்த எண் ஒன்றாகவும், பின்னால் வந்தவர்கள் கொடுத்த எண் வேறாகவும் ஆனது. வெளியீட்டுக்குப் பிறகு ஆறு மாதம் பொறுப்பவருக்கு இதனால் சில நேரம் நட்டம், சில நேரம் ஆதாயம். மாருதி ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சம் ரூபாயில் தொடங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு விற்காததால் அதே ஆண்டு டிசம்பரில் அதன் தண்டர் பதிப்பு 10.74 லட்சத்துக்கு வந்தது.

2025 செப்டம்பர் வரிக்குறைப்பால் விலை எவ்வளவு குறைந்தது?

அதற்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம் இருந்தது. சிறிய டீசல் காருக்கு 31, பெரிய எஸ்.யூ.வி.க்கு 50 சதவீதம். புதிய முறையில் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம், செஸ் கிடையாது. மின்சாரக் கார்கள் 2019 ஆகஸ்ட் முதல் இருந்த 5 சதவீதத்திலேயே நீடிக்கின்றன.

29இலிருந்து 18 என்றால் 11 சதவீதம் குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. வரி, அடிப்படை விலையின்மேல் கணக்கிடப்படுவது. அடிப்படை விலை 5 லட்சம் என்றால் பழைய விலை 6,45,000, புதிய விலை 5,90,000. குறைந்த 55,000 ரூபாய், நீங்கள் முன்பு கொடுத்திருக்கக்கூடிய விலையில் எட்டரை சதவீதம்தான். இதில் நிறுவனம் எதையும் ஒளிக்கவில்லை. எக்ஸ் ஷோரூம் விலை குறைந்ததால் அதை ஒட்டிய ஆயுள்வரியும் ஓரளவு குறைந்தது. சில கார்கள் மேற்சொன்ன 10 லட்சப் படியிலிருந்து கீழே இறங்கியதால் கூடுதல் ஆதாயமும் கிடைத்தது.

இதில் அதிகம் பேசப்படாத பாதிப்பு இரண்டு தரப்புக்கு. ஒன்று, வரி குறையும் என்று பிரதமர் ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த பிறகு வாங்குவோர் காத்திருக்கத் தொடங்கியதால் செஸ் கட்டிய சரக்கைக் கையில் வைத்திருந்த டீலர்கள். மற்றொன்று, பழைய கார் வைத்திருந்தவர்கள். அவர்களுடைய காரில் எந்த மாற்றமும் நிகழவில்லை. ஆனாலும் அதன் மதிப்பு குறைந்தது. ஏன் என்பதற்கான விடை அடுத்த கேள்விக்கு உரியது.

பழைய காரின் விலைக்கு அடிப்படை எது? நான் வாங்கிய விலையா?

இல்லை. நீங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வாங்க வருபவருக்குப் பொருட்டே அல்ல. அவர் ஒப்பிடுவது இரண்டு எண்களை: அதே காரை, அல்லது அதற்கு இணையான ஒன்றை, இன்று புதிதாக வாங்கினால் ஆன் ரோடு எவ்வளவு ஆகும், அதே வயதுள்ள இன்னொரு கார் சந்தையில் எவ்வளவுக்குக் கிடைக்கிறது. புதிய காரின் இன்றைய விலை என்பது பழைய காரின் விலைக்குக் கூரை. கூரை இறங்கினால் அதன் கீழே உள்ள எல்லாமும் இறங்கும், ஏறினால் ஏறும்.

ஏறியதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைமாசு விதி வந்து புதிய கார்களின், குறிப்பாக டீசல் கார்களின், விலை கூடியது. மாருதி டீசலையே கைவிட்டது. 2021இல் சிப் தட்டுப்பாட்டால் காத்திருப்புக் காலம் மாதக்கணக்கில் நீண்டது. அந்த ஆண்டுகளில் நல்ல நிலையிலிருந்த டீசல் ஸ்விஃப்டையோ எர்டிகாவையோ விற்றவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பெற்றார்கள்.

புதிய காரை ஷோரூமிலிருந்து வெளியே எடுத்தவுடனேயே மதிப்பு விழுந்துவிடுகிறது என்று சொல்லப்படுவதையும் இந்தக் கணக்கிலேயே பார்க்க வேண்டும். இரும்பும் ரப்பரும் ஒரே நாளில் தேய்வதில்லை. விழுவது, மறுபடி விற்க முடியாத செலவுகள்: முதல் ஆண்டுக் காப்பீட்டின் பெரும்பகுதி, பதிவுச் செலவுகள், நீட்டித்த வாரன்ட்டிக்கும் கூடுதல் பொருத்துபொருள்களுக்கும் கொடுத்த பணம். முதல் உரிமையாளர் என்ற பெயரும் கூடவே போய்விடுகிறது. ஆயுள்வரி மட்டும் காரோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போகும். தமிழ்நாட்டுப் பதிவுள்ள கார், அதே வயதுள்ள வெளிமாநிலக் காரைவிட இங்கே கூடுதல் விலைக்குப் போவதன் காரணம் அதுவே.

காப்பீட்டில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. தொகைதான் காரின் உண்மையான மதிப்பா?

இல்லை. ஐ.டி.வி. என்பது கார் திருடு போனாலோ முழுவதும் சேதமானாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் தொகையின் உச்சவரம்பு. அது ஓர் அட்டவணைப்படி கணக்கிடப்படுகிறது: ஆறு மாதம் வரை 5 சதவீதக் கழிவு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம். ஐந்தாண்டுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. அட்டவணை எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான். சந்தை அப்படி இல்லை. டொயோட்டா இன்னோவா ஐந்தாண்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எண்ணி யாராவது தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். விலை அதிகமான ஜெர்மன் செடான் அட்டவணையைவிட வேகமாக இறங்குகிறது. பேரம் பேச இரு தரப்பும் ஐ.டி.வி.யை எடுத்துக் காட்டுவார்கள். தமக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும்.

இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது அன்று, உரிமையாளருக்கு உரியது. காரை விற்கும்போது அதை உங்கள் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்குபவர் அதைத் தன் ஆதாயமாகக் கணக்கிட முடியாது.

ஒரே ஆண்டு, ஒரே மாடல். இரண்டு கார்களுக்கு ஒன்றரை லட்சம் வித்தியாசம் எப்படி வருகிறது?

முதலில் பார்க்கப்படுவது எத்தனையாவது ஓனர் என்பது. ஒரே கையில் இருந்த கார், மூன்று கை மாறிய கார் இரண்டும் இன்ஜினளவில் சமமாக இருந்தாலும் விலையில் சமமாகாது. ஏன் இத்தனை பேர் கைவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்குக் கொடுக்கப்படும் தள்ளுபடி அது. அடுத்து ஓடிய கிலோமீட்டர். மீட்டரைத் திருத்துவது இன்னும் நடக்கும் வேலை என்பதால், அந்த எண்ணைத் தனியாக நம்பாமல் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தின் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். ஸ்டீயரிங்கின் தோல், கிளட்ச் பெடலின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவை மீட்டரைவிட நேர்மையானவை.

டி போர்டில், அதாவது வாடகைக் காராக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றப்பட்ட கார் கணிசமாகக் குறைந்த விலைக்கே போகும். விற்பவர் சொல்லாமல் விட்டாலும் பதிவு வரலாற்றில் அது தெரியும். வங்கிக் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. எனப்படும் கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால், அந்த அலைச்சலுக்காகவே புரோக்கர்கள் விலையைக் குறைப்பார்கள். விற்பதற்கு முன் வங்கியின் தடையின்மைச் சான்றிதழான என்.ஓ.சி.யைக் கொடுத்து அதை நீக்கிவிடுவது மிக எளிதான லாபம். வெள்ளை நிறக் கார்கள் விரைவாகக் கைமாறுவதும் உண்மை. அது விலையைவிட விற்கும் வேகத்தையே அதிகம் பாதிக்கிறது.

பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் வேறாக இருக்கலாம். 2022 டிசம்பரில் தயாரான கார் 2023 ஜனவரியில் பதிவானால் விற்பவர் 2023 என்பார், வாங்குபவர் 2022 என்பார். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். சந்தை அதையே மதிக்கிறது.

டிசம்பரில் தள்ளுபடியும் ஜனவரியில் விலையேற்றமும் ஆண்டுதோறும் வருகின்றனவே, ஏன்?

மேலே சொன்ன தயாரிப்பு ஆண்டுதான் காரணம். ஜனவரி 1 ஆனதும் ஷோரூமில் நிற்கும் கார் காகிதத்தில் ஒரு வயது மூத்துவிடுகிறது. அதைத் தீர்க்க டிசம்பரில் தள்ளுபடி வருகிறது. விலை உயரப் போகிறது என்ற அறிவிப்பு அதே மாதத்தில் வெளியாவது, தயங்குபவர்களை இந்த ஆண்டே வாங்க வைக்கவும் உதவுகிறது. எஃகு, அலுமினியம் விலை, யென்னுக்கும் டாலருக்கும் எதிரான ரூபாயின் மதிப்பு, புதிய பாதுகாப்பு விதிகள் ஆகியவை உண்மையான காரணங்களே. ஏ.பி.எஸ். 2019இலும், முன்புறம் இரண்டு ஏர்பேக் 2021 முடிவிலும் கட்டாயமானபோது அடிமட்ட வேரியன்ட்களின் விலை ஏறியது. எட்டு ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர் டிசம்பர் தள்ளுபடியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டில் விற்பவருக்கு அந்தத் தள்ளுபடி, விற்கும் நாளில் பெருமளவு திரும்பப் பறிபோகும்.

டீலர் நினைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாமா?

புதிய காரில் டீலருக்குக் கிடைக்கும் பங்கு ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அவருடைய வருமானத்தின் கணிசமான பகுதி காப்பீட்டுக் கமிஷன், கடன் ஏற்பாடு, பொருத்துபொருள்கள், சர்வீஸ் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆகவே காரின் விலையில் இறங்காதவர் காப்பீட்டில் இறங்கக்கூடும். வெளியில் காப்பீட்டு விலை விசாரித்துக்கொண்டு போவது நல்லது; டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தள்ளுபடிக்கு நிறுவனமே வரம்பு விதித்த வழக்கும் உண்டு. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாகச் சொல்லி 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

தில்லிக் கார்கள் ஏன் இவ்வளவு மலிவு? வாங்கலாமா?

தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களையும் ஓட்டுவதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆணைகளால் தடை விதித்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல் இந்தத் தடையைச் செயல்படுத்துவது நீதிமன்றத்தில் மீண்டும் கேள்விக்குள்ளாகி, அதன் கடுமை தளர்த்தப்பட்டது. ஆனாலும் எட்டாண்டு டீசல் காரை வைத்திருக்கும் தில்லிக்காரருக்கு அச்சம் போகவில்லை. ஆகவே விலை இறங்குகிறது. இங்கே கொண்டுவருபவர் அந்த மாநிலத்தின் என்.ஓ.சி., இங்கே வயதுக்கேற்ற ஆயுள்வரி, மறுபதிவு, கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். விலை உயர்ந்த எஸ்.யூ.வி.க்களில் கணக்கு ஒத்துவரலாம். சிறிய கார்களில் பெரும்பாலும் மிஞ்சுவது களைப்பு.

நிறுவனம் இந்தியாவை விட்டுப் போய்விட்டால் அதன் கார்களின் விலை என்னவாகும்?

உடனே விழும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். செவ்ரோலே 2017 இறுதியில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. உதிரிபாகம் கிடைக்குமா என்ற அச்சமே விலையைக் குறைக்கிறது. அந்த அச்சம் தெளியும் வேகத்தைப் பொறுத்து விலை மீள்கிறது.

பழைய கார் புதிய விலையைவிடக் கூடுதலாக விற்க முடியுமா?

முடியும், புதிய கார் கிடைக்காதபோது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், இலங்கை ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பயன்படுத்திய கார்கள் வாங்கிய விலையைவிடப் பல மடங்குக்கு விற்றன. கார் அங்கே சில காலம் சேமிப்பாகவே கருதப்பட்டது.

மின்சாரக் கார்களின் மறுவிற்பனை விலை ஏன் வேகமாகக் குறைகிறது?

புதிய மின்காரின் விலையே குறைந்துகொண்டு வருவதால். 2024 பிப்ரவரியில் பேட்டரி செல்களின் விலை குறைந்ததைக் காரணம் காட்டி டாடா நெக்ஸான் ஈ.வி.யின் விலையை 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவரின் காரும் அதே அளவு மதிப்பிழந்தது. பேட்டரியின் மீதி ஆயுளை வாங்குபவர் கண்ணால் பார்க்க முடியாது என்பது இன்னொரு காரணம். சர்வீஸ் நிலையத்தில் பேட்டரி நிலை அறிக்கை பெற்று வைத்திருப்பவர் கூடுதலாகப் பேரம் பேசலாம்.

பழைய காருக்கு ஜி.எஸ்.டி. உண்டா?

தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் இல்லை. ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர் விற்றால், 2025 ஜனவரி முதல் எல்லா வகைப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம். முன்பு சிறியவற்றுக்கு 12. இது முழு விலைக்கும் அன்று, வணிகரின் லாபத்துக்கு மட்டும். நான்கு லட்சத்துக்கு வாங்கி நாலரை லட்சத்துக்கு விற்றால் 50,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய் வரி. நட்டத்துக்கு விற்றால் வரி இல்லை.

பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் எடுப்பது லாபமா, வெளியில் விற்பதா?

எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று 30,000 ரூபாய் அறிவித்துவிட்டு, பழைய காரின் விலையில் 40,000 குறைத்து மதிப்பிட்டால் அந்த போனஸுக்குப் பொருள் இல்லை. ஆகவே இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்: எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதிய காரின் இறுதி விலை எவ்வளவு, போனஸ் சேர்க்காமல் பழைய காருக்கு எவ்வளவு. அதற்கு முன் இணைய நிறுவனம் ஒன்றிடமும் உள்ளூர் புரோக்கரிடமும் எழுத்து மூலம் ஒரு விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனிநபருக்கு விற்றால் பொதுவாகக் கூடுதல் கிடைக்கும். ஆனால் ஆர்.சி. பெயர் மாறும்வரை சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான். விபத்து நடந்தால் அழைப்பாணை உங்கள் முகவரிக்கே வரும். பெயர் மாற்றம் முடிந்ததற்கான ஆதாரத்தைக் கையில் வாங்காமல் கடைசித் தவணைப் பணத்துக்காக அவசரப்படாதீர்கள்.